மூன்றாவது ஜன்னல் சீட்டு

என்னை வேலைக்கு எடுத்த கம்பெனிக்கு நான் எதற்கு என்று தெரியாது. முதல் சில வாரங்கள் எனக்கும் தெரியவில்லை. தொண்ணூறுகளின் கடைசி அது. மறைமலைநகரில், கார்களுக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களை அடித்துத் தரும் தொழிற்சாலை. பாகங்களை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து யாரோ ஒருவர் சுற்றிப் பார்க்க வந்து, "உங்கள் தொழிலாளர்களின் மனநலத்துக்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டாராம். கேன்டீன், ஆம்புலன்ஸ், தீயணைக்கும் மணல் வாளி என்று எல்லாவற்றையும் காட்டி முடித்திருந்த பர்சனல் மேனேஜர், கொஞ்சமும் யோசிக்காமல், "அடுத்த மாசம் ஆள் வர்றாங்க" என்று சொல்லிவிட்டார். அப்படி வந்த ஆள் நான்.

ஆலோசனை அறை எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பரீட்சைக்காக உருப்போட்டவள் நான். அமைதியான இடமாக இருக்க வேண்டும். நாற்காலிகளை நேருக்கு நேராகப் போடாமல் சற்றே சாய்வாகப் போட வேண்டும். நடுவில் மேஜை கூடாது. எனக்குக் கிடைத்த அறையில் நாற்காலிகளை மட்டும் சாய்வாகப் போட முடிந்தது. ஏனென்றால் அது, தொழிலாளர்களைக் கூப்பிட்டு மெமோ கொடுக்கிற அறைக்கு அடுத்த அறை. அந்த வராந்தாவில் ஒருவர் நடந்தாலே, மெமோ வாங்கப் போகிறார் என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். போதாக்குறைக்கு என் கதவில் 'மனநல ஆலோசகர்' என்று கொட்டை எழுத்தில் பலகை வேறு. உள்ளே வருகிறவர் ஒன்று மெமோ வாங்கியவர், இல்லையென்றால் பைத்தியம், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டும். யார் வருவார்கள்?

வந்தவர்களும் உண்டு. ஒருவர் ஆங்கிலத்தில் லீவ் லெட்டர் எழுதித் தரச் சொன்னார். ஒருவர் மகனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். மேனேஜர் வெள்ளிக்கிழமைதோறும் தலையை நீட்டி விசாரிப்பார்.

"இந்த வாரம் யாராவது வந்தாங்களாம்மா?"

"வந்தாங்க சார். ஒருத்தருக்குத் தூக்கப் பிரச்சினை."

"அய்யய்யோ, தூக்கம் வரலையாமா?"

"நல்லா வருதாம் சார். கேன்டீன்ல ஃபேன் ஓடல, அதான் இங்க வந்தேன்னு சொன்னார்."

மேனேஜர் கெட்டவர் இல்லை. பாவம், அவருக்கு மேலே இருப்பவர்களுக்கு எதையாவது காட்டியாக வேண்டும். "ஆளே வரலைன்னா இந்த ரூமை ஸ்டோருக்குக் கேக்கறாங்கம்மா. ஹெல்மெட் அடுக்கணுமாம்" என்று ஒருநாள் சொல்லிவிட்டுப் போனார். என் படிப்புக்கு ஹெல்மெட் போட்டியாக வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

என்னுடைய வேலை அந்த அறையில் இல்லை, பஸ்ஸில் இருக்கிறது என்று தெரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

என் கணவருக்கு மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் கணக்கு எழுதுகிற வேலை. அதனால் எங்களுக்கு வாடகை வீடும் அங்கேதான். ஆபீசர்களுக்கான வேன் தாம்பரம் பக்கத்திலிருந்து வருவது. எங்கள் திசையிலிருந்து மறைமலைநகருக்கு வருகிற கம்பெனி வண்டி தொழிலாளர் பஸ் ஒன்றுதான். அது மாமல்லபுரத்தில் கிளம்பி, திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் போய்ச் சேரும். பக்கத்துச் சிற்பப் பட்டறையில் உளிச் சத்தம் தொடங்கும் முன்பே நான் பஸ்ஸில் இருப்பேன்.

முதல் நாள் பஸ் காலியாக இருந்தது. டிரைவர் பக்கம் மூன்றாவது ஜன்னல் சீட்டைப் பார்த்து உட்கார்ந்தேன். நல்ல காற்று. ஸ்பிரிங் குத்தாத சீட்டு. ஏறியவர்கள் எல்லாம் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தங்கள் இடங்களுக்குப் போனார்கள். புதிய மேடம் என்பதால் பார்க்கிறார்கள் என்று நினைத்து எல்லாருக்கும் ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தேன்.

திருக்கழுக்குன்றத்தில் ஒருவர் ஏறினார். நாற்பதைத் தாண்டிய வயது, உருண்டு திரண்ட உடம்பு. முதுகுவலிக்காரர்கள் கட்டுகிற அகலமான பெல்ட்டைச் சட்டைக்கு மேலேயே இடுப்பில் கட்டியிருந்தார். நேராக என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்தார், என்னைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். பஸ்ஸில் பாதிச் சீட்டு காலி.

"உக்காருங்களேன். இடம் இருக்கே" என்றேன்.

"பரவால்ல மேடம்."

செங்கல்பட்டு வந்தது. ஏரி போயிற்று, சிங்கப்பெருமாள் கோவில் போயிற்று. மனிதர் உட்காரவே இல்லை. கோயிலுக்குள் செருப்போடு வந்தவளைப் பார்ப்பதுபோல மொத்த பஸ்ஸும் என்னைப் பார்த்துக்கொண்டு வந்தது. மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். கடைசியில் டிரைவர்தான் மனம் பொறுக்காமல், மாமல்லபுரத்தில் வண்டி கிளம்பும் முன் என்னிடம் வந்து சொன்னார்.

"மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. அது அவுரு சீட்டு."

"சீட்டுல பேர் எழுதியிருக்கா?"

"எழுதுனாதானா? இந்த பஸ்ல யாரும் கண்ட எடத்துல குந்தமாட்டாங்கோ. லீவு போட்டா கூட பக்கத்து சீட்டுக்காரன் டிபன் பைய வச்சி காவல் காப்பான். ரிட்டையர் ஆவுறவரு, மாலையோட வந்து, இனிமே இது உன் சீட்டுனு ஒருத்தன புட்ச்சி குந்த வச்சிட்டு லட்டு குட்த்துட்டுதான் எறங்குவாரு. அந்த சீட்டு அவுருக்கு அப்டி வந்தது."

சொத்து எழுதிவைப்பதைக்கூட இவ்வளவு ஒழுங்காகச் செய்கிறவர்களை நான் பார்த்ததில்லை. அப்போதே எழுந்து, பின்னால் வேறொரு சீட்டுக்குப் போனேன். அன்றைக்கு அந்தச் சீட்டின் சொந்தக்காரர் ஏறி, பக்கத்தில் நின்றார். நான் அங்கிருந்து எழுந்து இன்னொன்றுக்குப் போனேன். அதற்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். செங்கல்பட்டு போய்ச் சேர்வதற்குள் நாலைந்து பேர் மாறி மாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க, நான் மட்டும் பஸ் முழுக்க உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் குரல் கொடுத்தார்: "மேடம், நீங்க பழைய எடத்துக்கே வந்துடுங்க. ஒர்த்தர் நின்னா போதும், பஸ்ஸே நிக்க வேணாம்."

இதில் விசித்திரம் என்னவென்றால், அந்தக் கூத்து நடந்தபோது மூன்றாவது ஜன்னல் சீட்டு காலியாகத்தான் இருந்தது. முதுகுவலிக்காரர் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தார். சந்தேகம் தீர, மறுநாள் நான் எஞ்சின் பெட்டியை ஒட்டிய பலகையில் போய் உட்கார்ந்து பார்த்தேன். சீட்டு காலி. அவர் நின்றார். வேகத்தடையில் பஸ் தூக்கிப்போட்டபோது மற்றவர்கள் எல்லாம் கம்பியைத் தாவிப் பிடித்தார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றார். முதுகுவலிக்காரர் நிற்கிற நிற்பா அது? கயிற்றின் மேல் நடக்கிறவர்கள்தான் அப்படி நிற்பார்கள். இந்த முதுகில் ஒரு கோளாறும் இல்லை என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்வது என் வேலை இல்லை. மறுநாள் பேசாமல் அந்தச் சீட்டிலேயே போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் பக்கத்தில் நிற்கட்டும், அவருக்குத் தோன்றும்போது பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேசினார். சில வாரங்கள் கழித்து, திருக்கழுக்குன்றத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே வயல்கள் போய்க்கொண்டிருந்தபோது, ஜன்னலைப் பார்த்தபடியே ஆரம்பித்தார்.

"மேடம், ஒரு டவுட்டு. உங்களாண்ட வர்றவங்க சொல்றது மேனேஜராண்ட போவுமா?"

"போகாது."

"அவுரே கேட்டா?"

"கேட்டாலும் போகாது."

"மெரட்டுனா?"

"யாரு யாரை? நான் மேனேஜரையா?"

முதல்முறையாக அவர் சிரித்துப் பார்த்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு இல்ல மேடம். என் மச்சான் ஒர்த்தன் கீறான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேற கம்பெனி. அவனுக்குதான் கொஞ்சம் பேஜாரு" என்றார்.

அந்தக் கணத்தில் பஸ்ஸில் ஓர் அதிசயம் நடந்தது. அதுவரை சீட்டுக்கட்டு ஆடிக்கொண்டும், நாஸ்தா பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டும், முந்தின நாள் கிரிக்கெட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டும் இருந்தவர்கள் அத்தனை பேரும் தூங்கிப்போனார்கள். தலைகள் தொங்கின. பின் வரிசையில் ஒருவர் குறட்டையே விட்டார். டிரைவர் பாட்டை நிறுத்தினார்.

மச்சானின் கதை இதுதான். மச்சான் பிரஸ் மெஷினில் வேலை செய்கிறவர். மேலிருந்து பெரிய பாரம் இறங்கித் தகட்டை அடித்து வடிவமாக்குகிற மெஷின். பல வருடம் அதிலேயே இருந்து கைதேர்ந்தவர். ஒருநாள் பக்கத்து மெஷினில் இருந்த நண்பருக்கு ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. அதற்குப் பிறகு மச்சானுக்கு மெஷின் பக்கம் போனால் கை வேர்க்கிறது, நெஞ்சு அடிக்கிறது. பயம் என்று சொன்னால் சிரிப்பார்களே என்று முதுகுவலி என்று சொல்லிவிட்டார். பேக்கிங்கில் உட்கார வைத்திருக்கிறார்கள். பேக்கிங்கில் இருப்பவர்கள் எல்லாம் ஒப்பந்த ஆட்கள், நிரந்தரத் தொழிலாளி அங்கே நெடுநாள் இருக்க முடியாது. தீபாவளிக்குள் மெஷினுக்குத் திரும்பாவிட்டால், உடம்பு வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிக் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்களாம். வீட்டில் மனைவிக்கும் மகளுக்கும் இது எதுவும் தெரியாது. இன்னும் மெஷினில்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"கம்பெனி பஸ்ல கூட அவன் நின்னுகினுதான் போறான் மேடம்" என்று முடித்தார். "மெஷினே கையவுட்டு பூட்ச்சி, சீட்டு மட்டும் எதுக்குன்றான்."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மச்சானுக்காக இவரிடம் அழ முடியாதே. "மச்சானைக் கேட்டதாச் சொல்லுங்க. நாளைக்குப் பேசலாம்" என்றேன்.

இறங்கும்போது டிரைவர் மெதுவாகச் சொன்னார்: "மேடம், அவுருக்கு மச்சானே கெடையாது. சம்சாரத்தோட பொறந்ததெல்லாம் பொண்ணுங்கோ."

"எனக்குத் தெரியும். நீங்க யாரும் தூங்கலைன்னும் தெரியும்."

"இன்னா பண்றது மேடம், பஸ்ஸு சின்னது."

அன்றிலிருந்து எங்கள் பஸ்ஸின் தலையாய கவலை ஸ்ரீபெரும்புதூர் மச்சான் ஆனார். மச்சானால் மெஷினுக்கு எவ்வளவு பக்கத்தில் போக முடிகிறது என்று கேட்டேன். கேன்டீன் வரைக்கும் போக முடியும், அதற்கு மேல் கால் நகராது என்று பதில் வந்தது. பேக்கிங்குக்குப் போகக்கூட பிரஸ் ஷாப் வாசலைத் தவிர்த்துவிட்டு, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறாராம். "அப்படின்னா கேன்டீனைத் தாண்டி இருக்கற குழாய் வரைக்கும் போய்த் தண்ணி குடிச்சிட்டு வரச் சொல்லுங்க. அது போதும். வேற ஒண்ணும் பண்ண வேணாம். கை வேர்த்தா வேர்க்கட்டும், வேர்வை அடங்கற வரைக்கும் அங்கயே நிக்கட்டும்" என்றேன்.

என் அறை ஜன்னலிலிருந்து அந்தக் குழாய் தெரியும். மறுநாள் மத்தியானம் ஸ்ரீபெரும்புதூர் மச்சான் எங்கள் கம்பெனிக் குழாயில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கஷாயம் குடிக்கிற முகம். குடித்து முடித்தும் போகவில்லை. நின்றார். மறுபடி குடித்தார். அவ்வளவு தண்ணீரை ஒரு மனிதர் குடித்து நான் பார்த்ததில்லை.

"மச்சான் போனாரா?" என்றேன் அடுத்த நாள் பஸ்ஸில்.

"போனான் மேடம். வயிறுதான் உப்பிகிச்சி."

பின்னால் தூங்கிக்கொண்டிருந்த தோள்கள் குலுங்கின.

குழாய்க்குப் பிறகு டூல் ரூம் வாசல். அதற்குப் பிறகு பிரஸ் ஷாப் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோடு. மச்சான் கோட்டை நெருங்க நெருங்க, பஸ்ஸில் தூக்கம் ஆழமாகிக்கொண்டே போனது. சில சமயம் நான் ஏறாத சாயங்காலங்களில் அவரிடம் மற்றவர்களே விசாரிப்பார்களாம். "அண்ணாத்த, மச்சானுக்கு எப்டி கீது?" "தேவல." அதற்கு மேல் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஆலோசனை கொடுப்பதைவிட ஆலோசனை கொடுக்காமல் இருப்பது கஷ்டம் என்று நான் படித்திருந்தேன். வாய்க்கு வந்த யோசனையை எல்லாம் அள்ளி வீசக்கூடிய நாற்பது ஆண்கள், வாயை மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டு வந்தார்கள். எனக்குச் சான்றிதழ் கொடுத்த கல்லூரி அவர்களுக்கும் கொடுத்திருக்கலாம்.

மேனேஜர் மறுபடி வந்து நின்றார். "யாராவது வர்றாங்களா?"

"ஒருத்தர் வர்றார் சார், தவறாம. ஸ்ரீபெரும்புதூர்க்காரர்."

"வெளியாளா? கம்பெனி சம்பளத்துல வெளியாளைப் பாக்கறீங்களாம்மா?"

"நம்ம ஆளோட உறவு சார்."

"உறவுன்னா சரி" என்று அரைமனதாகப் போனார். பஸ்ஸில் கேட்டதை எழுத்து மாறாமல் சொன்னதில் எனக்கு ரொம்ப நாளைக்குப் பெருமை இருந்தது.

எல்லாம் இப்படியே நேராகப் போய்விடவில்லை. நவராத்திரி நெருங்கிய சமயம், ஒருநாள் முதுகுவலிக்காரர் முகம் செத்துப்போய் ஏறினார். மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓரடி வைத்தபோது பக்கத்தில் ஒரு மெஷின் அடித்திருக்கிறது. மச்சான் ஓடியே போய்விட்டார். பேக்கிங்கில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாராம்.

"உட்டுடுங்க மேடம். அவன் வேஸ்ட்டு. பொம்பள மாரி ஓடறான்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. ஆலோசகருக்குக் கோபம் வரக் கூடாது என்று படித்ததெல்லாம் ஏரிக்கரையோடு போயிற்று.

"ஓடறது பொம்பளைங்க வேலைன்னு யார் சொன்னது? நான் ஓடாம இங்கதான் உக்காந்திருக்கேன். இன்னொண்ணு, மச்சானைப் பத்தி என்கிட்ட தரக்குறைவாப் பேசாதீங்க. இத்தனை நாள்ல அவரை உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும். நீங்களே சொன்ன கதைதான். விரல் போன அன்னிக்கு எல்லாரும் கத்திக்கிட்டு நின்னாங்களே, ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ணது யாரு?"

அவர் பெல்ட்டின் கொக்கியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"கேக்கறேன்ல? யாரு?"

"மச்சான்."

"துணியால சுத்தி, தூக்கிக்கிட்டு ஆம்புலன்ஸுக்கு ஓடினது?"

"மச்சான்தான்."

"அப்ப அவர் வேஸ்ட்டா?"

பின் வரிசைக் குறட்டை நின்றுபோயிருந்தது. அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்துக்கொண்டே வந்தார். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதும் சொன்னார்: "ஆயுதபூஜ வருது மேடம். ஃபேமிலி எல்லாம் கம்பெனிக்கு வருவாங்கோ. மெஷினுக்கு யாரு பொட்டு வைக்கறாங்கனு பாப்பாங்கோ. மச்சான் அன்னிக்கு லீவு போட்டுடலாம்னு பாக்கறான்."

எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆயுதபூஜைதான் பெரிய திருவிழா. அன்றைக்கு எந்த மெஷினும் ஓடாது. கழுவித் துடைத்து, மாலை போட்டு, அவரவர் மெஷினுக்கு அவரவர் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். மனைவி மக்கள் புதுத்துணி உடுத்திக்கொண்டு வந்து, பொரி வாங்கித் தின்றபடி, "இதான் எங்க அப்பா மெஷின்" என்று பார்த்துவிட்டுப் போவார்கள். இதைவிட நல்ல நாளை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குக் குறித்துத் தந்திருக்காது.

"லீவு போட வேணாம். மச்சானே பொட்டு வைக்கட்டும். மெஷின் ஓடாது, கரண்ட்டும் இருக்காது. ஃபியூஸைப் பிடுங்கி மச்சான் பாக்கெட்லயே வச்சுக்கட்டும். அவர் பாக்கெட்ல இருக்கற ஃபியூஸை மீறி எந்த மெஷின் ஓடிடும், பாத்துடலாம்."

அன்று இறங்கும்போது, எனக்குப் பின் சீட்டில் அசந்து தூங்கிய எலக்ட்ரீஷியன் என்னைத் தாண்டிப் போகையில், "ஃபியூஸு மேட்டர் நான் பாத்துக்கறேன் மேடம். மேல பாரம் எறங்காம கட்டையும் குட்த்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஸ்ரீபெரும்புதூருக்குப் போயி" என்று சேர்த்தார்.

ஆயுதபூஜையன்று பிரஸ் ஷாப்புக்குள் முதல்முறையாக நானும் போனேன். வாழைக்கன்று, தோரணம், சாம்பிராணிப் புகை. முதுகுவலிக்காரர் பெல்ட்டோடுதான் நின்றார். பாக்கெட் புடைத்திருந்தது. மனைவி பட்டுப்புடவையில், மகள் பாவாடை தாவணியில். அவர் மெஷினின் நெற்றியில் சந்தனம் பூசினார். பக்கவாட்டில் பூசினார். பட்டன்களுக்குப் பொட்டு வைத்தார். வைத்துவிட்டுத் தட்டைக் கீழே வைக்கப் போனார்.

"அப்பா, உள்ள வைக்கலியே? போன வருசம் வச்சியே" என்றாள் மகள்.

தகடு வைக்கிற படுகையைத்தான் சொன்னாள். மேலே பாரம் தொங்க, கையை உள்ளே நீட்டிப் பொட்டு வைக்க வேண்டிய இடம். அவர் கை காற்றில் நின்றது. குங்குமம் விரலிலிருந்து உதிர்ந்தது. நான் மேனேஜர் கொடுத்த பொரியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்காததுபோல் நின்றேன். சுற்றிலும் பார்த்தால், பஸ்ஸில் தூங்குகிற அத்தனை முகங்களும் அங்கே வந்து சேர்ந்திருந்தன. இங்கே தூங்க முடியாதே, அதனால் சாமி கும்பிடுகிற சாக்கில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் இடது கையால் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். வலது கையை உள்ளே விட்டார். அவசரமில்லாமல் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். வெளியே எடுத்து விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லா விரலும் இருந்தது. சிவப்பாக இருந்தது, குங்குமம்தான்.

"கோணலா கீதுப்பா" என்றாள் மகள்.

"இருக்கட்டும்" என்று சொன்னவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, மறுபடி கையை உள்ளே விட்டுச் சரிசெய்தார். நான் பொரியை மேனேஜர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு மூக்கைச் சிந்தப் போனேன். சாம்பிராணிப் புகை என்று அவரிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு மத்தியான இடைவேளைகளில் எலக்ட்ரீஷியனும் அவரும் சேர்ந்து மெஷின் பக்கம் போனார்கள். முதலில் கரண்ட் இல்லாமல், பிறகு தகடு வைக்காமல் சும்மா ஓட்டி. ஃபியூஸைப் போடுவதும் பிடுங்குவதும் முதுகுவலிக்காரர் கையால்தான். அது மட்டும் நான் சொன்ன நிபந்தனை. தீபாவளிக்கு முந்தின வாரம் சூப்பர்வைசர் அவரைக் கூப்பிட்டு, இன்று ஒருநாள் மெஷினில் நின்று காட்டு, இல்லையென்றால் எழுதி அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

அன்று முழுக்க நான் என் அறையில் உட்கார்ந்து, பிரஸ் ஷாப் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டம், டம் என்று வந்துகொண்டிருந்தது. அதில் எந்த டம் அவருடையது என்று யாருக்குத் தெரியும்? கையில் எடுத்த புத்தகத்தில் ஒரு வரி மனதில் ஏறவில்லை. நான் வேண்டாத சாமி இல்லை.

சாயங்கால பஸ்ஸில் அவர் வழக்கம்போல என் பக்கத்தில் வந்து நின்றார். பெல்ட் கட்டியிருந்தார். யாரும் தூங்கவும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. பாட்டும் போடவில்லை. திருக்கழுக்குன்றத்தில் அப்படியே இறங்கிப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து கணவரிடம், "நான் ஹெல்மெட்டுக்கு இடம் விட்டுடறதுதான் நல்லது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தேன். அவருடைய மகள் முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் காலை, திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றது. அவர் ஏறினார். இடுப்பில் பெல்ட் இல்லை. என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து, டிபன் பையை மேலே தட்டில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து நல்ல உரத்த குரலில் சொன்னார்.

"மேடம், எந்திரிங்க. அது என் சீட்டு."

நான் எழுந்தேன். அவர் உட்கார்ந்தார். ஜன்னல் கண்ணாடியை அவருக்கு வேண்டிய அளவுக்குத் தள்ளி வைத்துக்கொண்டார்.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "அண்ணாத்த, மச்சானுக்கு எப்டி கீது?"

"எந்த மச்சான்? எனக்குதான் மச்சானே கெடையாதே."

பஸ் அதிர்ந்தது. சீட்டின் முதுகில் தட்டினார்கள், விசிலடித்தார்கள். டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தார். "நேத்தே சொல்லியிருக்கலாம்ல?" என்று நான் சண்டைக்குப் போனேன். "ஒர்நாள் ஓட்டிட்டா ஆச்சா மேடம்? இன்னிக்கும் போவணும்னு காலைல எந்திரிக்கச் சொல்லோ தோணுச்சி. அதான் இன்னிக்கு சீட்ட கேட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. உட்காரலாம் என்று திரும்பிப் பார்த்தேன். காலியாக இருந்த சீட்டுகளுக்கெல்லாம் செங்கல்பட்டில் சொந்தக்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மறைமலைநகர் வரைக்கும் நின்றுகொண்டேதான் போனேன்.